பழைய வண்டியும் உடையவன் கையும்

பழைய மோட்டார் வண்டியொன்றை வைத்துக்கொண்டு, அதைத் தம் கையாலேயே பழுது பார்த்து ஓட்டுவோரைக் கண்டால் நம் ஜனங்களிற் பலர் நகைக்கின்றனர். கையில் பணமில்லாதவன் என்று சிலர் எண்ணுகின்றனர். பணமிருந்தும் செலவிட மனமில்லாதவன் என்று வேறு சிலர் கருதுகின்றனர். வேலையற்றவன் என்று மற்றையோர் தீர்மானித்துவிடுகின்றனர். தன் பொருளைத் தானே அறிந்து, தானே காத்து, தானே ஆள்கிறவன் என்பதே அவனுக்கு உரிய பெயர் என்பது நமது கொள்கை. அத்தகையோர் சார்பில் இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

கூறவேண்டிய அவசியமும் நேர்ந்திருக்கிறது. பதினைந்து வயதைக் கடந்த மோட்டார் சைக்கிளின் பதிவைப் புதுப்பிக்க 300 ரூபாயாக இருந்த கட்டணத்தை மத்திய சர்க்கார் 2022 ஏப்ரலில் 1,000 ரூபாயாக்கினர். காருக்கு 600 ரூபாயாக இருந்ததை 5,000 ரூபாயாக்கினர். அது போதாதென்று, 2025 ஆகஸ்டில் வெளியிட்ட விதிகளினால் 20 வயதைக் கடந்த மோட்டார் சைக்கிளுக்கு 2,000 ரூபாய் என்றும், காருக்கு 10,000 ரூபாய் என்றும் விதித்தனர். கட்டணத்தின் அளவைக் காட்டிலும் அதன் பின்னே நிற்கும் எண்ணமே நமக்குக் கவலை தருகிறது. பழையதாயின் ஒழிக்கத்தக்கது என்பதே அவ்வெண்ணம். அது சரியா என்பதை ஆராய்வோம்.

பொதுப்படப் பேசுவதினும் ஓர் உதாரணத்தைப் பற்றிக்கொண்டு பேசுவது நலம். நம்மிடமுள்ளது 1984-ஆம் வருஷத்துப் புல்லட் மோட்டார் சைக்கிள். திருவொற்றியூரில் செய்யப்பட்டது. அவ்வண்டியின் சரித்திரம் தமிழர் அறியத்தக்கது. புல்லட் என்னும் பெயர் 1930-களில் இங்கிலாந்திலுள்ள ரெட்டிச் நகரத்து ராயல் என்பீல்டு கம்பெனியார் இட்ட பெயர். சுதந்திர இந்தியாவின் ராணுவத்தார் எல்லைக் காவலுக்கு அவ்வண்டியைத் தேர்ந்துகொண்டனர். 1955-ல் அக்கம்பெனியாரும் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியாரும் கூடி, என்பீல்டு இந்தியா என்னும் கம்பெனியை ஏற்படுத்தினர். திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் சீமையிலிருந்து வந்த உறுப்புகளை இங்கே பூட்டினர். பிறகு அவ்வுறுப்புகளையே இங்கு செய்யக் கற்றனர். 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் அக்கம்பெனியின் மோட்டார் சைக்கிள் உற்பத்தி அறவே நின்றது. திருவொற்றியூரில் மட்டும் வேலை நிற்கவில்லை. 1977 முதல் புல்லட் இங்கிருந்து இங்கிலாந்துக்கே கப்பலேறலாயிற்று. கற்றுக்கொடுத்தவர் கடையைக் கட்டிய பின்னும் கற்றுக்கொண்டவர் தொழிலைக் கைவிடவில்லை என்பது நமக்குப் பெருமை தருவதேயாகும்.

அவ்வண்டியின் எஞ்சின் ஒற்றைச் சிலிண்டர் உடையது. சிலிண்டரின் குறுக்களவு 70 மில்லிமீட்டர்; பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர்; கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். சிலிண்டர் வார்ப்பிரும்பினால் ஆனது. பூட்டிய பெட்டிக்குள் ஒளிந்திருந்து கட்டளையிடும் கருவி எதுவும் அதில் இல்லை. எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும்.

கஷ்டங்களை முதலில் சொல்லிவிடுவோம். அவற்றை மறைத்துவிட்டு இன்பங்களை மட்டும் பேசுவது வியாபார விளம்பரமேயன்றி நியாயமாகாது.

முதற் கஷ்டம் எண்ணெய். புல்லட் நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டவில்லையாயின் உள்ளே எண்ணெய் தீர்ந்துபோயிற்று என்று பொருள் என்பது உடையவர்களிடையே வழங்கும் வேடிக்கைப் பேச்சு. பாக்கிங்கை மாற்றினால் சில மாதம் நிற்கும். பின்னர் வேறோரிடத்தில் கசியும். வண்டியைப் பல நாள் ஓட்டாது நிறுத்திவைத்தால், தொட்டியிலுள்ள எண்ணெய் மெல்ல மெல்ல இறங்கிக் கிராங்கு அறையில் தேங்கிவிடும். மறுமுறை கிளப்பும்போது தெரு முழுவதும் புகை மண்டும். அண்டை வீட்டார் ஜன்னலைச் சாத்துவர்.

இரண்டாவது கஷ்டம் அதிர்வு. ஒற்றைப் பிஸ்டன் ஏறியிறங்கும் வேகத்தில் வண்டி முழுவதும் நடுங்குகிறது. இறுக்கிய நட்டுகள் தளர்கின்றன. பின்விளக்கின் பல்பு இழை அறுகிறது. நம்பர் தகட்டில் வெடிப்புக் காண்கிறது. ஆகையால் நூறு இருநூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை ஸ்பானரைக் கையிலெடுத்து வண்டியைச் சுற்றிவருவது உடையவனுக்கு ஒரு நித்திய கர்மமாகிறது. அந்த ஸ்பானரிலும் ஒரு சங்கடம் உண்டு. ஒரே வண்டியில் சில மரைகள் ஆங்கிலேயரின் அங்குலக் கணக்கு. சில மில்லிமீட்டர்க் கணக்கு. பொருந்தாத ஸ்பானரைப் பலவந்தமாகப் பூட்டினால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். மழுங்கிய நட்டைக் கழற்றுவதிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை கழிந்துவிடும்.

மூன்றாவது கஷ்டமே எல்லாவற்றினும் கொடியது. அது போலி உறுப்பு. இரும்பு எஞ்சின் புல்லட்டின் உற்பத்தி நின்று வருஷங்கள் பல ஆயின. சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் சாலைக் கடைகளிலும், பழைய உறுப்புகள் குவிந்து கிடக்கும் புதுப்பேட்டையிலும் தேடினால் கிடைக்காததில்லை. ஆயின், கிடைப்பதெல்லாம் மெய்யானதல்ல. பெட்டியின்மேல் அச்சிட்ட பெயர் பெரிது. உள்ளிருக்கும் பொருளின் ஆயுள் சிறிது. நாம் வாங்கிப் பூட்டிய புதிய கண்டென்சர் ஒன்று 40 கிலோமீட்டர் ஓடுமுன் உயிர் விட்டது. மதுராந்தகம் ஏரிக்கரைக்கு அப்பால் உச்சிவெயிலில் வண்டி நின்றது. பையில் வைத்திருந்த பழைய கண்டென்சரை மீண்டும் பூட்டிய பிறகே அது நகர்ந்தது. முப்பது வருஷம் உழைத்த உறுப்பு, நேற்றுப் பிறந்த உறுப்பைக் கைதூக்கி விட்டது என்றே சொல்லவேண்டும்.

இவ்வளவும் இருந்தும் அதை ஏன் விடாது பற்றிக்கொண்டிருக்கிறீர் என்று கேட்பவர்க்கு விடை யாது?

கிளப்பும் முறையையே எடுத்துக்கொள்வோம். சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல மெல்ல மிதித்துக்கொண்டே ஆம்மீட்டர் முள்ளைக் கவனிக்கவேண்டும். பாயிண்ட் மூடியிருக்கும் வரையில் முள் ஒருபுறம் சாய்ந்திருக்கும். பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு வந்து நிற்கும். பிஸ்டன் அழுத்தத்தின் உச்சியை நெருங்கிவிட்டது என்பதே அதன் பொருள். அப்போது டிகம்ப்ரஸர் பிடியை இழுத்து, பிஸ்டனை உச்சிக்குச் சற்று அப்பால் கடத்தி, பிடியை விட்டுவிட்டு, உடலின் பாரம் முழுவதையும் ஏற்றி ஒரே மிதி. எஞ்சின் உயிர்பெறும். இவ்வரிசை தெரியாமல் முரட்டுத்தனமாக மிதிப்பவனை அது திருப்பி உதைக்கும். பலத்தைவிட முறை பெரிது என்பதை இதனினும் நன்றாகக் கற்பிக்கும் உபாத்தியாயர் அரியர்.

பாயிண்ட்டின் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம் வரையில் இருக்கவேண்டும். மெல்லிய தகட்டைச் செருகி, அது பற்றியும் பற்றாமலும் நகரும்படி திருகாணியை முடுக்கவேண்டும். டேப்பட்டைச் சரிசெய்ய அந்தத் தகடுகூட வேண்டுவதில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கையில், பிஸ்டன் அழுத்த உச்சியில் நிற்க, புஷ்ராடு இரு விரல்களுக்கு இடையே தடையின்றிச் சுழலவேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. விரலே அங்கு அளவுகோல். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் எஞ்சினின் உடல்நிலை தெரிந்துவிடும். நுனி கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி. இளம்பழுப்பாக இருந்தால் இரண்டும் ஒத்திருக்கின்றன. வைத்தியன் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது போன்றது இது.

இவ்வாறு சில வருஷம் பழகியவனுக்கு ஒரு புதிய செவி உண்டாகிறது. பிறர் காதுக்கு ஒரே முழக்கமாகக் கேட்பது அவனுக்குப் பல குரல்களாகப் பிரிந்து கேட்கிறது. டேப்பட்டின் ஓசை இது, சங்கிலி தளர்ந்த ஓசை இது என்று அவன் ஓடும்போதே அறிகிறான். பழுது முற்றுமுன் அதைத் தடுக்கிறான். ஒரு காலைப்பொழுது உழைத்துக் கைகளை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு, சீரான துடிப்புடன் நின்றவாறே ஓடும் எஞ்சினைச் சற்று நேரம் கேட்டுக்கொண்டு நிற்பதில் உள்ள மகிழ்ச்சியைக் கடையில் விலை கொடுத்து வாங்குவதற்கில்லை.

தானே செய்வது என்பதனால் மெக்கானிக்கை வேண்டாவென்று தள்ளுவதாக நினைக்கலாகாது. சிலிண்டர் தேய்ந்தால் போரிங் பட்டறைக்குத்தான் போகவேண்டும். அங்கே அதைச் சற்று அகலமாகக் கடைந்து, அடுத்த அளவுப் பிஸ்டனைப் பொருத்தித் தருவர். பழைய சிலிண்டர் மறுபிறவி எடுக்கும். பட்டறைத் தொழிலாளியின் கைத்திறத்தைத் தன் கையால் ஓரளவேனும் முயன்று பார்த்தவனே மதிப்பான். கூலியைக் குறைக்க வாதாடுபவனுக்கும், செய்த வேலையைத் தொட்டுப் பார்த்து மெச்சிக் கூலி கொடுப்பவனுக்கும் உள்ள வேற்றுமையை எந்தப் பட்டறைக்காரரும் சொல்வார். உடலுழைப்பை இழிவென்று எண்ணும் நமது படித்த வகுப்பாருக்கு இப்பயிற்சி இன்றியமையாதது.

இனி இது ஒருவனுடைய பொழுதுபோக்கைப் பற்றிய விஷயம் மட்டுமன்று, பொது விஷயம். இக்காலத்து வண்டிகள் பலவற்றில் உடையவன் கைவைப்பதற்கு இடமில்லை. எஞ்சினை ஆள்வது மின்னணுப் பெட்டி. பழுதென்றால் ஒரு சிவப்பு விளக்கு எரியும். எதனால் எரிகிறது என்பதை அறிவதற்கு வேறொரு கருவி வேண்டும். விலை கொடுத்து வாங்கியவன் நாம். வண்டியின் ரகசியம் மட்டும் விற்றவரிடம் இருக்கிறது. பழுது பார்க்கும் உரிமை என்னும் கோரிக்கை இதனால்தான் உலகெங்கும் எழுந்தது. நமது மத்திய சர்க்காரும் 2022-ல் இதற்கென ஒரு கமிட்டியை நியமித்து, அவ்வருஷம் டிசம்பரிலேயே இணையத்தளம் ஒன்றையும் தொடங்கினர். மோட்டார் வாகனங்களும் அம்முயற்சியில் சேர்க்கப்பட்டன. ஒரு கையால் பழுது பார்க்கும் உரிமையை வாழ்த்திக்கொண்டு, மறு கையால் பழுது பார்த்துக் காத்த வண்டிக்கே அபராதம் போன்ற கட்டணம் விதிப்பது என்ன பொருத்தம்?

சட்டத்தைப் பார்ப்போம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 41-வது பிரிவின்படி சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருஷம் செல்லும். பின்னர் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். 59-வது பிரிவு வண்டிகளுக்கு ஆயுள் எல்லை குறிக்கும் அதிகாரத்தை மத்திய சர்க்காருக்கு அளிக்கிறது. டில்லியில் 10 வயதைக் கடந்த டீசல் வண்டிகளும் 15 வயதைக் கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடலாகாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு உறுதிசெய்தது. அவ்விவகாரம் பின்னும் பன்முறை கோர்ட்டு ஏறிற்று. மறுபுறம், 50 வயதைக் கடந்து, பழைய உருவம் மாறாதிருக்கும் வண்டிகளுக்கென 2021-ல் தனி விதிகள் செய்யப்பட்டன. அவற்றுக்குப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய்; கண்காட்சிக்கும் பந்தய ஊர்வலத்துக்கும் கொண்டுபோகலாம், அன்றாட வேலைக்கு ஓட்டலாகாது.

இதனால் விளைவது யாது? ஐம்பது வயதைக் கடந்த வண்டி செல்வரின் அலங்காரப் பொருளாகக் கௌரவம் பெறுகிறது. இருபது வயதுக்குட்பட்ட வண்டி சாதாரணப் பிரஜையாக நடமாடுகிறது. இடைப்பட்ட முப்பது வருஷத்து வண்டியோ சந்தேகத்துக்குரியதாக நிற்கிறது. ஐம்பதாம் ஆண்டில் பாதுகாக்கத்தக்கதென்று சர்க்கார் போற்றப்போகும் பொருளை நாற்பதாம் ஆண்டில் தொலைத்துவிடு என்று தூண்டுவது முரண்பாடன்றோ? நாற்பதில் காப்பவன் இல்லையேல் ஐம்பதில் காட்சிக்கு வைக்க என்ன மிஞ்சும்?

பழைய வண்டி வைத்திருப்போரெல்லாம் ஆசைக்காக வைத்திருப்பவரல்லர் என்பதையும் மறக்கலாகாது. பால் கறந்து ஊருக்குக் கொண்டுவருபவர், காய்கறிக் கூடை ஏற்றிச் செல்பவர், கொத்து வேலைக்குப் போகிறவர் ஆகியோர் ஓட்டும் வண்டிகளிலும் இருபது வயதைக் கடந்தவை உண்டு. அவர்களுக்கு 2,000 ரூபாய் என்பது பல நாள் வருமானம். அவ்வண்டியை விற்றாலும் பெரும் பணம் வருவதில்லை. புதியது வாங்கினால் வட்டிக்கடைக்கு அடிமையாக நேரிடும். தன் கையால் பழுது பார்த்து, கடனின்றி ஓட்டும் ஏழையைத் தண்டித்து, கடன் வாங்கும்படி தூண்டுவது எவ்வகைப் பொருளாதாரம் என்பது நமக்கு விளங்கவில்லை.

எதிர்த்தரப்பு வாதத்தையும் நேர்மையுடன் எடுத்துக்கொள்வோம். பழைய வண்டி புகை கக்குகிறது என்கின்றனர். இதில் உண்மை உண்டு. பாரத் ஆறாம் தரம் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அத்தரத்துக்கு உட்பட்ட புதிய வண்டியோடு 1984-ஆம் வருஷத்து எஞ்சினை ஒப்பிட்டால் பழையது தோற்கும். எவ்வளவு நேர்த்தியாக முடுக்கினாலும் தோற்கும். டில்லிக் குழந்தைகளின் சுவாசத்தைவிட நமது புல்லட் பெரிதென்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும், பாழாய்ப்போன எஞ்சினும் பராமரித்த எஞ்சினும் ஒரே அளவு புகை விடுவதில்லை. மாதத்தில் நாலு நாள் ஓடும் வண்டியும், நாளெல்லாம் ஓடும் வண்டியும் காற்றுக்குச் செய்யும் தீங்கு ஒன்றாகாது. பழையதை நொறுக்கிப் புதியதைச் செய்யவும் இரும்பு உருகவேண்டும், நிலக்கரி எரியவேண்டும். அந்தப் புகை யார் கணக்கில் ஏறுகிறது?

பிரேக்கு முதலியவற்றில் ஆபத்து உண்டென்பது இரண்டாவது வாதம். அதற்குச் சட்டத்தில் ஏற்கெனவே மருந்து இருக்கிறது. ஆபத்தான நிலையிலுள்ள வண்டியை ஓட்டுவது 190-வது பிரிவின்படி குற்றம்; அக்குற்றத்துக்கு வயது வரம்பு இல்லை. மூன்று வயது வண்டியும் பிரேக்கு இன்றி ஓடினால் கொல்லும். நாற்பது வயது வண்டியும் பிரேக்கு சரியாயிருந்தால் நிற்கும். வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு ஒன்று தெரியும்: சாட்சியத்தை விசாரியாமல் பிறந்த தேதியை மட்டும் பார்த்துத் தீர்ப்பெழுதும் நியாயாதிபதியை மேல்கோர்ட்டு மன்னிப்பதில்லை. வயது வேறு, பழுது வேறு. சோதிக்கவேண்டியது பழுதை.

ஆகவே நாம் கேட்பவை இவை. பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் சோதனைக்கு ஆகும் செலவோடு நிற்கவேண்டும். அது தண்டனையாக வளரலாகாது. புகை, பிரேக்கு, விளக்கு, சக்கரம் ஆகியவற்றைக் கண்டிப்புடன் சோதித்து, தேறிய வண்டியை வயது கேளாமல் ஓடவிடவேண்டும். தேறாததைத் தயவின்றி நிறுத்தவேண்டும். இருபதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வண்டிகளைத் தனி வகுப்பாக ஏற்று, புகை மிகுந்த பெருநகரங்களில் வேண்டுமாயின் ஓட்டும் நாளையும் நேரத்தையும் வரையறுத்து, மற்ற இடங்களில் அன்றாட உபயோகத்துக்கு அனுமதிக்கவேண்டும். வண்டி செய்யும் கம்பெனியார் பழுது பார்க்கும் முறைநூலை உடையவர்க்கு மறைக்காமல் கொடுக்கவும், உறுப்புகளை நெடுங்காலம் விற்கவும் சட்டம் கட்டாயப்படுத்தவேண்டும். போலி உறுப்பு விற்பவரைப் பிடிக்கவேண்டும். இவற்றில் எதுவும் சர்க்காரால் ஆகாத காரியமன்று.

உரிமை கேட்பவனுக்குக் கடமையும் உண்டு. பழைய வண்டி வைத்திருக்கும் நேயர்களுக்கு நாம் சொல்வது இது: புகைச் சான்றிதழைக் காசு கொடுத்து வாங்குவதோடு நில்லாமல், மெய்யாகவே புகையைக் குறையுங்கள். தேய்ந்த பிரேக்குக் கட்டையோடு ஒரு நாளும் தெருவில் இறங்காதீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளை, ஆண் பெண் என்று பாராமல், ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்தில் உட்காரவைத்து ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். கை அழுக்காவதை அவர்கள் வெறுக்காதிருந்தால், அவர்கள் காலத்து யந்திரங்களின் ரகசியத்தையும் ஒரு நாள் திறந்து பார்க்கும் துணிவு அவர்களுக்கு வரும். தன் வண்டியைத் தானே கழற்றிப் பூட்டத் தெரிந்த ஜனங்களை எந்தக் கம்பெனியும் எளிதில் ஏய்க்க முடியாது. எந்தச் சர்க்காரும் எளிதில் அலட்சியம் செய்ய முடியாது.